தலையாட்டக் கூடாது

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரு நாள் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே என் மனைவி சபீஹா சொன்ன நான்கு கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும்தான் என் கையில் இருக்கின்றன. மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவளிடம் கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால் அதற்கு வழியில்லை. போன வருடம் இறந்துவிட்டாள். அதைப் பற்றி இந்தக் கதையில் வேறு எதுவும் வராது. தேட வேண்டாம்.

நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்ல வரும் குழந்தைகள், தனியாக நின்று பேச முடியாத பெரியவர்கள், இவர்களுக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் சபீஹாவின் வேலை. அரசாங்கம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஆதரவு நபர்'. கேட்டால் தேர்தலில் யாருக்கோ துண்டு போட வந்தவர் போல இருக்கும். கல்யாண வீடுகளில் யாராவது "மகள் என்ன பண்ணுது?" என்று விசாரித்தால் என் மாமனார் அப்துல் சலாம் "கோர்ட்டுல இருக்கு" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

வழக்கைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள். பேசவும் கூடாது. ஊர், பெயர், யார் யாரை என்ன செய்தார்கள், எதுவும் கிடையாது. ஆகவே கீழே வரும் தீபிகா, தீபிகா அல்ல. மல்லசமுத்திரம், மல்லசமுத்திரம் அல்ல. கடப்பாரையும் நான் போட்டதுதான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பனமரத்துப்பட்டி ஏரியின் மேல் அந்தி கவிந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சிறுமியின் விழிகளில்

(நிறுத்திவிட்டேன். விசாரணை நடப்பது முற்பகலில். ஏரிக்குச் சம்மன் அனுப்பப்படவில்லை.)

'நீதி என்பது

(இதை எழுதியதும் எழுந்துபோய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். வந்து பார்த்தபோதும் வாக்கியம் அங்கேயேதான் நின்றது.)

'தீபிகா எந்தப் பெரியவரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது.'

(இது இருக்கட்டும்.)

3

தீபிகாவுக்கு ஒன்பது வயது. மல்லசமுத்திரம் பக்கம் தோட்டத்துக்குள் வீடு. அப்பா ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்குத்தான் வருவார். கதை தீபாவளிக்கு முன்பே முடிந்துவிடுவதால் அவருக்கு இதில் வேலை இல்லை.

அம்மா சௌந்திரம். பெரியப்பா அர்த்தநாரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு மத்தியானம் யார் தண்ணீர் பாய்ச்சும் முறை என்று மோட்டார் ரூம் வாசலில் பேச்சு முற்றி, அர்த்தநாரி கடப்பாரையால் அடித்தார். சௌந்திரத்தின் வலது கை முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை.

அர்த்தநாரி தரப்பு, படி வழுக்கி விழுந்தாள் என்கிறது. பார்த்தது தீபிகா ஒருத்திதான். அவள் அந்த நேரம் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்கிறது அதே தரப்பு. அவள் ஒரு முறை "ஆமாங்க, தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும், சௌந்திரம் தானாக விழுந்தவள் ஆகிவிடுவாள்.

சபீஹா முதல் நாள் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது சௌந்திரம் மகளை முன்னால் நிறுத்தினாள்.

"எம் புள்ள ரொம்ப மரியாதைங்க அம்மிணி. பெரியவங்க என்ன கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லும். எதுத்து ஒரு வார்த்தை பேசாது."

"அதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு."

"ஏனுங்க? இங்கத்தப் புள்ளைங்க எல்லாம் அப்படித்தானுங்க."

"எதிர் வக்கீலும் பெரியவருதானேக்கா?"

சௌந்திரம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. இன்னது கேட்டா இன்னது சொல்லோணும்னு நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

"அது மட்டும் கூடாது. நான் சொல்லிக் கொடுத்தா அது என் சாட்சி. அவ சாட்சி இல்ல."

"பின்ன நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

"பக்கத்துல உக்கார."

"உக்கார்றதுக்கு ஒரு ஆளுங்களா!" என்றாள் சௌந்திரம். "கவருமெண்டு நல்லாத்தான் இருக்குது."

4

வழக்கைத் தொடக் கூடாது. ஆனால், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் நீதிமன்றத்தில் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று குழந்தைக்குப் புரியவைக்கலாம். இதை வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகளை வைத்துத்தான் பழக்க வேண்டும். இந்த இடம் மட்டும் சபீஹா சொன்னபடியே.

"நான் ஆம்பளையா?"

"ஆமாங்க."

"இந்த நாற்காலி யானையா?"

"ஆமாங்க."

"யானைங்கற. தும்பிக்கை எங்க?"

"நீங்கதான சொன்னீங்க யானைன்னு." குழந்தை சபீஹாவைப் பரிதாபமாகப் பார்த்ததாம். வயதில் மூத்தவள், அவள் மனதை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று.

"சரி, என் தலையில கொம்பு இருக்கா?"

தீபிகா வெகுநேரம் பார்த்தாள். "தெரியலைங்க. முக்காடு போட்டிருக்கீங்க."

இதைச் சொல்லும்போது சபீஹாவுக்குத் தேநீர் புரையேறியது. சிரித்து முடித்து, "அவ சொன்ன முதல் நேர்மையான பதிலுங்க" என்றாள். "ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல." பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றுதான் விசாரணை. என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

5

எதிர் வக்கீல் நவநீதகிருஷ்ணன் எனக்கு ஒத்துழைக்கவில்லை.

முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசை வைத்தேன். கையில் மோதிரங்கள். பேசும்போது மேசையைத் தட்டுவார். இப்படிப்பட்டவரைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் பயந்து அழும், நீதிபதி அவரைக் கண்டிப்பார், கதை சௌகரியமாக ஓடும். சபீஹா படித்திருந்தால், "குழந்தையை அதட்டுற வக்கீலை நீங்க பார்த்ததே இல்ல, சினிமாலதான் பார்த்திருக்கீங்க" என்றிருப்பாள்.

ஆகவே மீசையை எடுத்தேன். மோதிரங்களையும் கழற்றினேன். இப்போது இருப்பவர் நல்ல மனிதர். தீபிகாவின் ஊர்ப்பக்கத்துக்காரர். பேத்தி வயதுக் குழந்தைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். உண்மையான பிரியத்தோடு கூப்பிடுவார்.

இவரிடமிருந்து தீபிகாவை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

6

குழந்தைகள் சாட்சி சொல்ல நீதிமன்ற வளாகத்தில் தனி அறை உண்டு. சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். (கழுத்துக்கு இடம் போதாமல் கூரைக்கு அருகே வளைந்துவிட்டது. அதுவும் எதற்கோ ஆமாங்க சொல்வது போலத் தெரியும்.) தீபிகா திரையில் நீதிபதியையும் வக்கீல்களையும் பார்ப்பாள். பெரியப்பா கண்ணில் பட மாட்டார். சௌந்திரம் வெளியே காத்திருக்கிறாள். சபீஹா பக்கத்து நாற்காலியில். தொடக் கூடாது. தலையாட்டக் கூடாது.

நீதிபதி முதலில் குழந்தைக்குச் சாட்சி சொல்லும் விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"பொய் சொல்றது தப்புதானேம்மா?"

"ஆமாங்க."

"அப்போ பொய் சொல்லலாமா?"

"ஆமாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சபீஹா கையை உயர்த்தினாள்.

"அம்மா, ஆமாவா இல்லையான்னு கேட்டா இந்தக் குழந்தை மரியாதைக்கு ஆமான்னுதான் சொல்லும். என்ன, ஏதுன்னு கேட்டா பதில் வரும்."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. பொய் சொன்னா என்னம்மா ஆகும்?"

"அம்மா அடிக்குங்க."

"உண்மையைச் சொன்னா?"

"அதுக்கும் சில தடவ அடிக்குங்க."

திரையில் யாரோ சிரித்தார்கள். தீபிகா அம்மாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

"இப்ப அடிக்கறதில்லைங்க. கை வராதுங்க."

சிரிப்பு நின்றது. நீதிபதி சாட்சியை ஏற்றுக்கொண்டார். அரசு வக்கீல் என்ன பார்த்தாய் என்று கேட்க, தீபிகா கடப்பாரை, மோட்டார் ரூம், அம்மா கத்தியது எல்லாம் சொன்னாள். பிறகு குறுக்கு விசாரணை. அதில் எதிர் வக்கீல் ஆமாவா இல்லையா என்று கேட்கலாம். சட்டம் அனுமதிக்கிறது.

நவநீதகிருஷ்ணன் எழுந்தார்.

"சாப்பிட்டயா சாமி?"

"ஆமாங்க."

"இட்லியா?"

"ஆமாங்க."

"திருச்செங்கோட்டுத் தேருக்குப் பெரியப்பாதான் உன்னையத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு?"

"ஆமாங்க."

"பெரியப்பான்னா உனக்கு உசுரு."

"ஆமாங்க." இது பொய் அல்ல. நான்கும் உண்மை. வழுக்கும் படி இங்கேதான் இருக்கிறது.

"அன்னைக்குச் சரியான வெயிலு. ஊட்டுக்குள்ள அசந்து தூங்கிப்போட்ட. இல்லையா சாமி?"

7

முடிவு, முதல் வகை: தீபிகா எழுந்து நின்று "இல்லைங்க!" என்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அர்த்தநாரி தலை குனிகிறார். (நீதிமன்றத்தில் கைதட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அர்த்தநாரி தலைகுனிகிற ரகமும் இல்லை.)

இரண்டாம் வகை: "ஆமாங்க." விடுதலை. சௌந்திரம் இடது கையால் தாழ்ப்பாளைத் திறந்து வீட்டுக்குள் போகிறாள். (இதை அனுப்பினால் பத்திரிகைகள் போடும். யதார்த்தம் என்பார்கள்.)

மூன்றாம் வகை: "ஒண்ணுக்குப் போகோணுங்க." நீதிபதி இடைவேளை விடுகிறார். (மிகவும் நடக்கக்கூடியது. ஆனால் போய்த் திரும்பி வந்ததும் அதே கேள்வி உட்கார்ந்திருக்கும்.)

மூன்றையும் எழுதிப் பார்த்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. அவள் வாயில் பதிலைத் திணிக்கிறேன். சௌந்திரம் கேட்டதும் இதைத்தான். எந்தப் பதிலை எழுதினாலும் அது என் சாட்சி. அதனால் எழுதப்போவதில்லை.

ஆனால் குழந்தையைத் தனியாக விட முடியாது. யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். சபீஹாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே உட்காருங்கள்.

கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத குழந்தையும், தெரிந்தும் பயப்படுகிற குழந்தையும் பக்கத்திலிருப்பவர் முகத்தில்தான் தேடும். புருவம்கூட அசையக் கூடாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பது எனக்கு இப்போது சுலபமாக வருகிறது. உங்களுக்கு எப்படியோ. உங்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியக் கூடாது.

நவநீதகிருஷ்ணன் பிரியமாக மறுபடி கேட்கிறார். "தூங்கிப்போட்டயல்ல, சாமி?"

தீபிகா திரையிலிருந்து கண்ணை எடுக்கிறாள். உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள்.