புல் பார்க்க வரும் கன்றுகள்

ஆனைமலை அடிவாரத்தில் கறிமாடு வளர்ப்பவர்களின் மேய்ச்சல் காடுகளுக்கு, காளை சேர்க்கும் பருவத்தில், இன்னும் எந்த வயிற்றிலும் தங்காத கன்றுகள் வந்து பார்த்துவிட்டுப் போகும். தாய் பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் அடுத்த வேலிக்கு நடையைக் கட்டும். சாணி போடாது, ஆகவே யாருக்கும் தொந்தரவில்லை.

சலோமியின் செவலைப் பசுவை இரண்டு பருவமாக ஒரு கன்றும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த முறையும் தங்காவிட்டால் வியாபாரியின் லாரியில் ஏற்றிவிடுவதென்று அவள் கணவன் தேவசகாயம் சொல்லிவிட்டான். கறிக்கு வளர்க்கிற வீட்டில் ஒரு மாட்டின் மேல் உயிரை வைக்கலாமா? வைத்துவிட்டாள், என்ன செய்வது.

ஊர் வழக்கப்படி நல்ல புல் இருந்த பாதியை அடைத்து, வரும் கன்றுகளின் கண்ணுக்கென்று வளரவிட்டிருந்தார்கள். கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. மாடுகள் மறுபாதியில் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. விருந்தாளிக்குப் பந்தல் போட்டுவிட்டு வீட்டுக்காரியைப் பட்டினி போடுகிற புத்திதான்.

ஒருநாள் காலையில் பழுப்பு நிறக் கன்று ஒன்று வந்தது. புல்லைப் பார்த்துத் தலையாட்டியது. பிறகு செவலையின் விலா எலும்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

சலோமி படலைத் திறந்து செவலையை அடைப்புக்குள் விட்டாள். தேவசகாயம் ஓடிவந்தான்.

“அடியே, பார்வைக்கு விட்ட புல்லுடி அது! வர்ற கன்னுக எதைப் பாக்கும்?”

“அதுக வயித்துல தங்கப்போவுதுங்களா, புல்லுல தங்கப்போவுதுங்களா?”

தேவசகாயம் செவலைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கப் போனான்.

செவலை அவசரமில்லாமல் மேய்ந்தது. புல் குறையக் குறைய விலா மறைந்தது. அதன்பிறகுதான் காளையைச் சேர்த்தார்கள். லாரி வந்து நின்ற அன்று பழுப்புக் கன்று மறுபடி வந்தது. கட்டையாகிப் போன புல்லை அது சட்டைசெய்யவே இல்லை. செவலையை ஒருமுறை சுற்றி வந்து முகர்ந்தது. பிறகு தன் வீட்டுக்குள் போவதுபோல் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. செவலை அசைபோடுவதை நிறுத்தவில்லை. சலோமிதான் சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள். லாரி காலியாகத் திரும்பியது.

படலைச் சாத்தப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி நின்றிருந்தாள். யார் வீட்டிலும் இன்னும் பிறக்காத சிறுமி. சலோமியின் துருத்திய தோளெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்தியானம் சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல கண்ணு.”

“சரி, சாப்ட்டு வாங்க. நான் நிக்கறேன்.”

சலோமி வீட்டுக்குள் போனாள். தேவசகாயம் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டான்.