இரண்டாவது பொத்தான்

“டுபாயில வேலை சரிவந்திட்டு, மங்கை. ஹாஜியார்ர பெனல் முடிஞ்சதும் போகலாம்.”

“நல்லந்தானே. போங்க.”

நல்லரத்தினத்தோடு பேசிய அந்தப் பேச்சை நினைத்தாலே மங்கையற்கரசிக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். பேராதனையில் ஒன்றாகப் படித்து, ஒரே கம்பனியில் சேர்ந்து, அவள் மின்சுற்று வரைவதும் அவன் அதைப் பூட்டுவதுமாக எத்தனை வருசம்! சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டு ‘போங்க’ என்றது இந்த வாய்தான்.

ஆனால் பெனல் முடிந்தால்தானே! ஏறாவூரில் முத்தலிப் ஹாஜியாரின் ஐஸ் ஆலை மோட்டாரை இயக்கும் மின்பலகை அது, அவள் வரைந்தது. ஒரு டைமர் மட்டும் பாக்கி. பெரிய மோட்டார் மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்ததும் முழு மின்சாரத்துக்கு மாறவேண்டும். இத்தனை செக்கன், அதாவது விநாடி, கழிந்ததும் மாற்றிவிடுவது அந்த டைமர். யுத்தகாலம் அது; கொழும்பிலிருந்து வந்ததை ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் பறித்துவிட்டார்கள்.

“செக்கன் எழுதிக் கிடக்கே, குண்டுக்கா?”

“ஐஸுக்கு ஐயா, ஐஸுக்கு!”

அடுத்து வரவழைத்த டைமரும் அங்கேயே போயிற்று. அனுமதி கேட்டுப் போனால், இந்தக் கந்தோர் அந்தக் கந்தோரைக் காட்டியது.

டைமருக்குப் பதிலாக இரண்டு பொத்தான் வைத்தாள். முதலாவது தொடங்க, வேகம் வந்ததும் கையால் அழுத்த இரண்டாவது. ஆலைக்காரர்கள் அவசரப்பட்டு அழுத்திப் பியூஸை எரித்தார்கள். கரண்டோ நினைத்தபோதெல்லாம் நின்றது, ஒவ்வொருமுறையும் திரும்பத் தொடங்கவேண்டும். கடைசியில் நல்லரத்தினம் ஆலையிலேயே பாயை விரித்துக்கொண்டு, இரண்டாவது பொத்தானுக்குக் காவலிருந்தான்.

“புள்ள, ஒங்கட படத்த மூடியா மீனப் பாதுகாக்கிற? எல்லாம் நாறுது!” என்று ஹாஜியார் போனில் கத்தினார்.

அந்த ஆத்திரத்தில்தான் பழைய வரைபடத்தைக் கிழித்தெறிந்தாள். நேரத்தை ஏன் அளக்கவேண்டும்? வேகம் பிடித்ததும் மோட்டார் இழுக்கும் கரண்ட் தானாகக் குறையுமே, அதை அளந்தால் போதாதா? கரண்டைப் பார்த்து மாற்றிவிட ரிலே என்றொரு கருவி இருந்தது. சாவடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். செக்கன் இல்லை. “போங்க” என்றார்கள்.

ஆலையில் முதல் பொத்தானை அவளே அழுத்தினாள். மோட்டார் உறுமி வேகமெடுத்தது. டக்கென்று தானாக மாறிக்கொண்டது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் ஹாஜியார்.

நல்லரத்தினம் இரண்டாவது பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். “அப்ப நான் பாயைச் சுருட்டலாம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவடியில் கோபம், ஹாஜியாரில் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னில்.

“என்ன முறைக்கிறீங்க? வேலை செய்யுதுதானே?”

“செய்யுது. அதுதான் எரிச்சல்!”

“ஆ?”

அவர்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வரவேண்டும், கேட்கவேண்டியதும் பெண்பக்கம்தான். அப்பா கேட்பார் கேட்பார் என்று பார்த்திருந்தது போதும். கம்பிரசர் இரைச்சலில் உரத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. ஹாஜியாரும் திரும்பிப் பார்த்தார்.

“டுபாய்க்குப் போகாதீங்க, நல்லரத்தினம். நாவற்குடாவுக்கு, எங்கட ஊட்டுக்கு, மாப்பிளையா வாங்க!”