பிரிவுபசாரத்துக்குப் பிறகு மூன்று நாள்

பதினோரு வருடம் அந்தச் சின்ன ஸ்டேஷனைக் கட்டி ஆண்டவருக்கு மாற்றல் வந்ததும், ரயில்வே குடியிருப்பின் ஒன்பது வீட்டுக்காரர்களும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து பிரிவுபசார விழா நடத்தினார்கள். எதற்கெடுத்தாலும் "விதிப்படிதான் நடக்கும்" என்று சொல்லி, முதுகுக்குப் பின்னால் 'விதி' என்றே பெயர் வாங்கியிருந்தவர் அந்த ஸ்டேஷன் மாஸ்டர். அவர் போனால் ஊரே இருண்டுவிடும் என்று ஒருவர் பேசியபோது மாஸ்டர் கைக்குட்டையை எடுத்தார். கடைசிவரை அது பைக்குள் திரும்பவில்லை. எல்லோரையும் மிஞ்சியவர் மளிகைக் கடைக்காரர்தான்.

"என் வீடு உங்க வீடு, சார். ஒரு மாசம் தங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

அன்று சாயங்காலம் பிடித்த மழை ஆற்றுப்பாலத்தின் கரையை அரித்துக்கொண்டு போயிற்று. மாஸ்டர் கிளம்பவேண்டிய காலை வண்டி வராது என்று தந்தி வந்தது. எப்போது வரும் என்பதைச் சொல்லத் தந்தி மறந்துவிட்டது.

மாஸ்டரின் குவார்ட்டர்ஸில் அதற்குள் புது மாஸ்டர் குடும்பத்தோடு குடியேறியிருந்தார். பயணிகள் அறையில் தங்கலாமென்றால், ஆறு மணி நேரத்துக்கு மேல் யாரும் தங்கக் கூடாதென்று சுவரில் எழுதி வைத்தவரே பழைய மாஸ்டர்தான். புது மாஸ்டர் அதை மிகுந்த மரியாதையோடு படித்துக் காட்டினார்.

வேறு போக்கிடம் இல்லாமல் மாஸ்டரும் மனைவியும் மளிகைக்காரர் வாசலில் போய் நின்றார்கள். முதல் நாள் ராஜ உபசாரம். கட்டிலையே ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அந்தக் கட்டில் கடைக்காரரின் தம்பிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்த மாஸ்டர், விடிந்ததும் சும்மா இருந்திருக்கலாம். மூட்டை அடுக்குவது எப்படி, கடை திறப்பது எத்தனை மணிக்கு என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் வண்டி எப்போது என்று கேட்டார்கள். பதினோரு வருடமாகக் கேட்ட கேள்விதான்; இப்போதுதான் இத்தனை அக்கறையோடு கேட்டார்கள்.

அன்று மாலை கடைக்காரர் மென்று விழுங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு மாசம் தங்குங்கன்னு சொன்னேனே, அது நீங்க போறீங்கங்கற தைரியத்துல சொன்னது."

மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ விழாவில பேசினதெல்லாம்?"

"அது விழா சார்."

மாஸ்டரின் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தர் உங்ககிட்ட உண்மை பேசி இப்பதான் கேக்கறேன்." அவருக்குக் கோபம்தான் வந்தது; ஆனால் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போக வண்டி இல்லையே.

மறுநாள் மத்தியானம், பாலம் தற்காலிகமாகச் சரியாகி, ஜல்லி ஏற்றி வந்த கூட்ஸ் வண்டி ஒன்று காலியாகத் திரும்பியது. கார்டு தன் பெட்டியில் இடம் கொடுத்தார். மளிகைக்காரர் ஓடிவந்து அத்தனை பெட்டி படுக்கையையும் தனியாளாகத் தூக்கி ஏற்றினார். அவர் அப்படி வேர்த்து விறுவிறுத்து வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. விசில் சத்தம் கேட்டு ஊர் ஜனம் வேலியோரம் திரண்டது. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

யாருக்கு என்று மாஸ்டர் ஆராயப் போகவில்லை. டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தபடி, பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனார்.