தொட்டிக்கு விட்ட இடம்

பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஸ்டூடியோக்காரருக்கு நான் தர வேண்டிய பாக்கி அது. மணிக்கு ஆயிரத்து நூறு வீதம் பதின்மூன்று மணி நேரம், அது போக டீக்கு ஐம்பது. டீ நான் கேட்கவில்லை. கொடுத்தார், குடித்தேன். அதையும் எழுதிவிட்டார். நான் சேர்த்து வைத்திருந்த முன்பணம் முதல் நாளோடு கரைந்து போயிருந்தது. ஒரே நாளில் முடியும் என்றவர் மூன்று நாள் இழுத்தார். இத்தனையும் ஒரே ஒரு பாட்டுக்கு.

பாட்டு நானே கட்டியது. என் தொழில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. மாடி ஏறி, மொட்டை மாடியில் இருக்கும் சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கி, பாசியைச் சுரண்டி, அடியில் தங்கிய சேற்றை அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் உள்ளே. என் தம்பி மேலே, தொட்டி வாய்க்குப் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி. சேற்று வாளியை நான் கட்டிவிட்டால் அவன் இழுப்பான். நான் மயங்கி விழுந்தாலும் இழுக்க வேண்டியது அதே கயிறுதான். எல்லோரும் அவனைக் கயிறு என்றே கூப்பிடுவார்கள். அவனோடு ஓரளவுக்கு மேல் நான் சண்டை போடுவதில்லை.

உள்ளே சத்தமில்லாமல் இருந்தால் அவன் பயந்து போவான். அதனால் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். சொல்லிச் சொல்லித்தான் அது பாட்டானது. காலித் தொட்டி எந்த வார்த்தையையும் சும்மா விடாது. மூன்று எண்ணும் வரை வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். அது முடிப்பதற்குள் அடுத்த வரியைத் தொடங்கினால் இரண்டும் முட்டிக்கொண்டு ஒன்றும் புரியாது. ஆகவே வரிக்கு வரி நிறுத்துவேன். தொட்டி பாடி முடித்த பிறகு நான் பாடுவேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது நாற்பத்திரண்டாவது வயதில், கூலிக்காரர்களுக்கென்று நடத்திய வகுப்பில். குறில், நெடில் என்று டீச்சர் பலகையில் எழுதியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தொட்டி குறிலை விழுங்கிவிடும், நெடிலைத்தான் திருப்பித் தரும். என் வரிகளெல்லாம் ஏன் ஆவன்னாவையும் ஓவன்னாவையும் தேடிப் போகின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

யாரு குடிக்கிற தண்ணியோ
நான் யாருன்னு கேப்பாங்களோ
குனிஞ்ச முதுகு நிமிரலியே
தொட்டியே நீயும் பாடு

கடைசி வரியில் அந்தப் 'பா'வை இழுத்து விடுவேன். தொட்டி அதைச் சுவர் சுவராகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரும். உள்ளே நிற்கும் எனக்கு மட்டும் கேட்கிற இந்தச் சத்தம் வெளியே இருப்பவர்களுக்கும் இப்படியே கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஸ்டூடியோ ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. வாயை விட்டு வந்த குரல் அங்கேயே விழுந்து செத்தது. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

"அக்கா, டிக் டிக்னு கேக்குதா? அந்தச் சத்தத்து மேலயே நடந்து வாங்க."

"கேக்குது சார். ஆனா அது எனக்காக நிக்கவே மாட்டேங்குதே."

"அது நிக்காது. நீங்கதான் ஓடணும்."

ஓடினேன், முடியவில்லை. பழக்க தோஷம், ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மூன்று எண்ணி நின்றேன். மூன்றாம் நாள் அவரே அலுத்துப்போய், "உங்க இஷ்டத்துக்குப் பாடுங்க, நான் பின்னாடி சரி பண்ணிக்கறேன்" என்றார்.

அந்தச் சரி பண்ணலைக் கேட்க நானும் கயிறும் போனோம். முதலில் தபேலா வந்தது, பிறகு புல்லாங்குழல், அதற்குப் பிறகு பத்துப் பேர் வயலின் வாசிப்பது போல ஒன்று. அவற்றின் நடுவில் ஒரு பெண் பாடினாள், அது என் குரல்தானாம். கடையில் வைக்கும் பொம்மைக்குப் பேச வந்தால் அப்படித்தான் பேசும். மூச்சு விடும் சத்தம் இல்லை. கரகரப்பு இல்லை. நான் விட்ட இடமும் இல்லை. வரியும் வரியும் ஒட்டிக்கொண்டு ஓடின. கடைசி வரி வந்தது.

"தொட்டியே நீயும் படு."

கயிறு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "ஏன்க்கா, நாள் பூரா மாடியில நிக்கற தொட்டிய இப்படிப் படுக்கச் சொல்றியே, வீடெல்லாம் வெள்ளமாயிடாது?"

ஸ்டூடியோக்காரர் முகம் சுருங்கியது. "தாளத்துல ரெண்டு அடிக்குள்ள வரணும்னு கொஞ்சம் சுருக்கினேன். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நான் கவனிச்சேனே சார். பாடுன்னா வேற, படுன்னா வேற. என்னை மாதிரி நேத்து எழுத்துப் படிச்சவளுக்கே தெரியுது."

"அத சரி பண்ணிடலாம். ஆனா அந்த இடைவெளியெல்லாம் திரும்ப வைக்க முடியாதுக்கா. ஜனங்க பஸ்ல போறப்ப போன்ல கேக்கறாங்க. மூணு செகண்ட் சத்தம் இல்லன்னா போன் கெட்டுப்போச்சுன்னு அடுத்த பாட்டுக்குத் தாவிடுவாங்க."

"தாவறவங்க தாவட்டும் சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த இசைக் கலவைக்காக ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. குரலைத் தணித்து, "ஒண்ணு பண்ணலாம். இத இப்படியே என் பேர்ல வெளியிட விடுங்க. நீங்க ஒரு பைசா தர வேண்டாம். பாக்கி அத்தனையும் தள்ளுபடி" என்றார்.

கயிறு என் முழங்கையை இடித்தான். பதினாலாயிரம் என்பது எங்களுக்கு எத்தனை படி ஏறி இறங்குவது என்று அவனுக்குத் தெரியும்.

"வேண்டாம் சார். என் வெறும் குரல மட்டும் குடுங்க. எதையும் சேக்காம, எதையும் வெட்டாம."

"அத வச்சு என்ன பண்ணப் போறீங்க? அதுல ஒண்ணுமே இல்லையே."

"இல்லாததுக்கு எவ்வளவு சார்?"

யோசித்தார். "இப்ப பாதிப் பணம் கட்டுங்க, மீதி அப்புறம். தரேன்."

ஒரு தொட்டிக்கு என் பங்கு நானூறு. பதினெட்டுத் தொட்டி கழுவினேன், ஏழாயிரத்து இருநூறு ஆனது. சொல்லும்போது ஒரு வரிதான். முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. பிளீச்சிங் பவுடர் நகக்கண்ணில் ஏறி எரிந்தது. பன்னிரண்டாவது தொட்டியில் படுத்துக்கொண்டே தேய்த்தேன். மேலேயிருந்து கயிறு எட்டிப் பார்த்தான்.

"மானத்துக்குப் பதினெட்டுத் தொட்டி கொஞ்சம் அதிகம்க்கா."

"மானம் இல்லடா. மூணு செகண்ட்."

"அதுக்கு ஏன் படுத்துட்டே? அவர் பாட்டு பலிச்சிடுச்சா?"

"வாளிய இழுடா!"

பணத்தைக் கட்டிக் குரலை ஒரு பென் டிரைவில் வாங்கி வந்தோம். வீட்டில் கயிற்றின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது உண்மை, அதில் ஒன்றுமே இல்லை. காய்ந்து வறண்ட குரல் ஒரு வரி சொல்லும், பிறகு மூன்று எண்ணும் நேரத்துக்கு வெறும் வெட்டவெளி. பல் போன வாய் சிரிப்பது போல இருந்தது. ஏழாயிரத்து இருநூறைச் சாக்கடையில் கொட்டிவிட்டேனோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். கயிறுகூட கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் வேலையில் தொட்டிக்குள் இருமினேன். தொட்டி திருப்பி இருமியது. உட்கார்ந்துவிட்டேன். அந்த வெட்டவெளியெல்லாம் யாருக்காக விட்டது? தொட்டிக்காக. ஸ்பாஞ்ச் அறையில் நின்றுகூட நான் தொட்டிக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். அப்படியானால் அந்தக் குரலைத் தொட்டியிடமே கொண்டுவந்து விட்டால் என்ன?

"டேய், உன் ஸ்பீக்கர நாளைக்கு எடுத்துட்டு வா."

"தொட்டியக் கழுவவா, கல்யாணம் பண்ணி வைக்கவா?"

இரண்டாவது தெருவில் ஐந்து மாடிக் கட்டடம். ஒரு மணிக்குக் கழுவி முடித்துத் துடைத்தோம். நாலு மணிக்குத் தண்ணீர் ஏற்றிவிடுவேன் என்று காவலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஸ்பீக்கரை ஒரு மூலையில் சுவரைப் பார்க்க வைத்தேன். என் போனை அதன் பக்கத்திலேயே வைத்துப் பதிவு செய்தேன். கேட்டால் ஸ்பீக்கர் மட்டும்தான் இருந்தது, தொட்டியைக் காணோம். இரண்டாம் தடவை போனைத் தரையில் வைத்தேன். கீழே எங்கோ ஓடிய மோட்டார் உறுமல் முழுக்க அதில் ஏறிவிட்டது, போதாததற்குக் கயிறு தும்மினான். மணி மூன்று ஆகிவிட்டது.

"கட்டித் தொங்க விடலாம்க்கா" என்றான் அவன்.

போனைத் துணியில் சுற்றிக் கயிற்றில் கட்டி, தரையிலும் படாமல் சுவரிலும் படாமல் நடுத்தொட்டியில் இறக்கினோம். பாட்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே குப்புறக் கிடந்தோம். வெயில் முதுகைப் பொசுக்கியது. என் வறண்ட குரல் "தண்ணியோ" என்றது. தொட்டி "ஓ" என்று வாங்கிக்கொண்டு மெதுவாகக் கீழே வைத்தது. வைத்து முடித்ததும் அடுத்த வரி வந்தது. ஒரு இடத்தில்கூட முட்டவில்லை. "பாடு" என்றபோது அந்த ஆகாரம் நாலு சுவரையும் சுற்றி எங்கள் முகத்துக்கு ஏறி வந்தது.

கயிறு போனை மெதுவாக மேலே இழுத்தான். பிறகு, "இத்தனை வருஷமா மேல நின்னு பாதிதான் கேட்டிருக்கேன் போல" என்றான்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்ததை ஸ்டூடியோக்காரர் ஹெட்போனில் கேட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

"என்ன எக்கோக்கா இது? எந்த சாஃப்ட்வேர்?"

"ரெண்டாவது தெரு, அஞ்சு மாடி சார்."

மறுபடி கேட்டார். "ஸ்பீக்கர் இரையுது. போன் மைக்கு. தரம்னு பார்த்தா ரொம்ப மோசம்." மூன்றாம் தடவையும் போட்டார். இந்த முறை அந்த மூன்று செகண்டுகள் வந்தபோது அவருடைய விரல் மேஜையில் தாளம் தட்டாமல் நின்று காத்திருந்ததைப் பார்த்தேன். "நல்ல மைக்கோட நானே வரேன். நீங்க உள்ள நின்னு நேராப் பாடுங்க. அந்தத் தொட்டிச் சத்தத்தத் தனியாவும் பதிஞ்சுக்கணும், வேற பாட்டுக்கெல்லாம் எனக்கு ஆகும்."

"வாங்க சார். ஆனா என் பாட்டுல ஒரு இடத்தையும் வெட்டக் கூடாது. என் 'பாடு' மேல கை வைக்கக் கூடாது. அப்புறம் என் நேரத்துக்கு மணிக்கு ஆயிரத்து நூறு."

"என் ரேட்ட எனக்கே சொல்றீங்களா?"

"தொட்டிக்குள்ள எப்படி இறங்கறது, எந்த மோட்டார எப்ப நிறுத்தச் சொல்லணும், எப்ப தண்ணி வரும், உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கயிற்றைப் பார்த்தார். கயிறு மோட்டு வளையைப் பார்த்தான்.

"சரிக்கா" என்றார்.

அடுத்த வாரம் வேறு ஒரு கட்டடத்தில், முந்தின நாளே கழுவிக் காயவைத்த பெரிய தொட்டியில் வேலை நடந்தது. ஒன்பது மணிக்கு வந்தார். மைக்குகளைக் கயிறு இறக்கினான். எங்கே தொங்கவிடுவது என்று பார்க்க அவரும் உள்ளே இறங்க வேண்டியிருந்தது. பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பதிவு செய்தார். டிக் டிக் இல்லை. நான் நின்றபோது அவரும் பேசாமல் இருந்தார். என் பாட்டை நாலு தடவை பாடினேன். நாலாவதன் முடிவில் தொட்டி அடங்கும் வரை காத்திருந்து, "இதுதான்" என்று ஒரே வார்த்தை சொன்னார். மீதி நேரமெல்லாம் கைதட்டச் சொன்னார், வாளியைத் தட்டச் சொன்னார், தொட்டியின் சத்தத்தை மூலை மூலையாக எடுத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு பில் புத்தகத்தை எடுத்தார்.

"பாக்கி ஏழாயிரத்து நூத்தி ஐம்பது. இன்னிக்கு ஆறு மணி நேரம், ஆறாயிரத்து அறுநூறு கழிஞ்சுது. மீதி ஐந்நூத்தி ஐம்பது."

"ஒன்பது மணிக்கு வந்தீங்க சார். ஆறரை மணி நேரம்."

"நான் உள்ள இறங்கினது ஒன்பதரைக்குத்தானேக்கா?"

"அந்த அரை மணி நேரமும் நீங்க ஏணியக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னீங்க. நான் உங்க காலப் பிடிச்சுப் படிப்படியா எடுத்து வச்சேன். அதுக்கு யாரு கூலி தருவாங்க?"

கயிறு தொட்டி வாயில் தலையை விட்டுச் சிரித்தான். தொட்டியும் சேர்ந்து சிரித்தது. ஸ்டூடியோக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறை அடித்து ஆறரை என்று எழுதினார். பாக்கி என்ற இடத்தில் ஒரு சுழியைப் போட்டு, தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சரியாக இருந்தது. மடித்து இடுப்பில் செருகும்போது கீழே மோட்டார் போட்ட சத்தம் கேட்டது.

"சார், ஒயர எடுங்க, தண்ணி வருது."