பன்னிரண்டு மணி வெல்ஷ் சுற்று

கோட்டை வாசலில் சீட்டுக் கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு மணிக்கு வெல்ஷ் மொழியில் சுற்றிக் காட்டுவோம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் அது நடப்பது அபூர்வம். வேல்ஸில் ஆங்கிலம் தெரியாதவர் யார்? வருகிறவர்களை ஆங்கிலக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவோம்.

அன்று மழைச்சட்டை சொட்டச் சொட்ட ஒரு பெண்மணி வந்தார். பெயர் டிலிஸ், அறுபது வயதிருக்கும். எங்கள் வெல்ஷ் மொழியை இழுத்து இழுத்து, வேறொரு ராகத்தில் பேசினார்.

“வெல்ஷ் சுத்துக்கு ஒரு சீட்டு குடும்மா.”

வழிகாட்டி கெத்தின் எட்டிப் பார்த்தான். “நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. இங்கிலீஷ்காரங்களோட வந்துடுங்களேன்.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது தம்பி.”

அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். வெல்ஷ் மொழிப் போராட்டக்காரர்கள் ஆங்கிலம் தெரிந்திருந்தும் இப்படித்தான் சொல்வார்கள்.

“போராட்டத்த வெயில் அடிக்கிற நாளாப் பாத்து வெச்சுக்கலாமே?” என்றான் அவரிடம்.

“என்ன போராட்டம்? வெல்ஷ், ஸ்பானிஷ், ரெண்டுதான் தெரியும்.” கடவுச்சீட்டை ஜன்னலில் வைத்தார். அர்ஜென்டினா. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய்க் குடியேறி, இன்னும் வெல்ஷ் பேசுகிற பாட்டகோனியா அங்கேதான் இருக்கிறது.

கெத்தினின் முகம் சிவந்துவிட்டது.

“கோட்டைக் கதைய நம்ம பாஷையில கேட்டுட்டு வந்து சொல்றேன்னு ஊர்ல சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு விமானம். கேக்காம நகர மாட்டேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்திருங்க. உங்க ஒருத்தருக்காகவே சொல்றேன்” என்றான் கெத்தின்.

பின்னால் நின்ற ஆங்கிலேயர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். “அடுத்தது உங்களுக்கு, ஐயா” என்று கெத்தின் அவரை நிறுத்திவைத்தான்.

வாசல் வளைவின் கீழ், தினமும் ஆங்கிலத்தில் ஒப்பிப்பதை அப்படியே வெல்ஷில் மாற்றிச் சொல்லத் தொடங்கினான். “இங்கிலாந்து ராஜா இந்தக் கோட்டைய வெல்ஷ்காரங்கள அடக்குறதுக்காகக் கட்டினாரு. அவங்க...”

“யாரை அடக்க?” என்று டிலிஸ் குறுக்கிட்டார். “நான் போய்ச் சொல்லணும். சரியாச் சொல்லு.”

கெத்தின் கோட்டைச் சுவரை நிமிர்ந்து பார்த்தான். ஏழு வருடமாக இந்த வரியை ‘வெல்ஷ்காரர்களை’ என்றே சொல்கிறவன்.

“நம்மள” என்றான். “நம்மள அடக்கக் கட்டினாரு.”

“ம். இப்ப உள்ள போலாம்” என்று சொல்லிவிட்டு டிலிஸ் அவனுக்கு முன்னால் வாசலைக் கடந்து நடந்தார்.