குராமிட்சு மேட்டுக்குப் போகவில்லை

நானூற்றுப் பன்னிரண்டு ஹோம் ரன் அடித்த மனிதருக்கு அன்று காலைச் சோறு இறங்கவில்லை. ஷிசுவோகா ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சுட்ட மீனும் மிசோ சூப்பும் ஆறி அவலாகிக்கொண்டிருந்தன. குராமிட்சு தெத்சுரோ கிண்ணத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயது. மட்சுயாமா ஹெரன்ஸ் பேஸ்பால் அணிக்கு கந்தோகு. அதாவது அணியை நடத்துகிறவர். ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் கந்தோகுவை மேலே தூக்கிப்போட்டுப் பிடிப்பார்கள். தோற்றால் 'கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள்' என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஹெரன்ஸ் மூன்று வருஷமாகக் கடைசி இடம். குராமிட்சுவை இன்னும் அனுப்பாமல் வைத்திருந்தது அந்த நானூற்றுப் பன்னிரண்டுதான், வேறொன்றும் இல்லை.

எதிரே ஹென்மி உட்கார்ந்து மீனை முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அணியில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் வேலை. அதனாலோ என்னவோ நன்றாகப் பசிக்கும் அவருக்கு.

"ஹிராகுரி பேரு பட்டியல்ல இருக்கு, கந்தோகு."

"எந்தப் பட்டியல்?" தெரியாதவர் மாதிரி கேட்டார் குராமிட்சு.

"அடுத்த வருஷம் வேண்டாம்ங்கிற பட்டியல்தான். எழுபது பேருக்கு மேல வெச்சுக்க முடியாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"போன மாசம் பூரா ஒரு ரன் விடலைய்யா அவன்!"

"ரெண்டாம் அணியில விடலை. அங்க என் மச்சான்கூட விட மாட்டான்." ஹென்மி தேநீரை ஊற்றிக்கொண்டார். "சரி, உங்களுக்காக ஒண்ணு பண்றேன். இன்னிக்கு எட்டாவது இன்னிங்ஸ் அவன்கிட்ட குடுங்க. முழுசா ஒரு இன்னிங்ஸ். ரன் விடாம முடிச்சான்னா பேரை அடிச்சிடறேன். ஒரே ஒரு ரன் போனாலும் அப்புறம் என்கிட்ட வராதீங்க. அவன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. அது சட்டம்."

ஹிராகுரிக்கு இருபத்தேழு வயது. மோட்டார் தொழிற்சாலை அணியிலிருந்து வந்தவன். வேகம் சுமார்தான். ஆனால் அவனிடம் ஒரு போர்க் பந்து இருந்தது. இரண்டு விரலை முள்கரண்டி மாதிரி அகல விரித்து, நடுவில் பந்தை இடுக்கி எறிவான். நேராக வருகிற மாதிரியே வந்து, மட்டைக்காரன் வீசும் நேரத்தில் தொப்பென்று காலடியில் விழும். அதை மட்டும் எறிய விட்டால் அவனை யாரும் தொட முடியாது. இதெல்லாம் குராமிட்சுவுக்குத் தெரியும், ஏனென்றால் அவனைத் தேடிப் பிடித்து அணிக்குக் கொண்டுவந்ததே அவர்தான்.

ஆனால் பாழாய்ப்போன அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்றால், ஷிசுவோகாவின் இவாகிரி ஓய்வு பெறும் நாள். நாற்பத்திரண்டு வயது, ஊரே கொண்டாடும் மட்டை. கடைசியாக ஒரே ஒரு முறை ஆட வருவார். அப்படி வருகிறவருக்கு எதிரணி பிட்சர் என்ன எறிய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அந்த நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நேர்ப்பந்து மட்டும். நடுவில். மறைத்து வைக்காமல். பெரியவர் முழு மூச்சாக வீசட்டும். பட்டால் பறக்கட்டும், படாவிட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகட்டும்.

குராமிட்சுவுக்கும் அப்படித்தான் எறிந்தார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால், நோசாகி என்ற பிட்சர் மூன்று நேர்ப்பந்து எறிந்தான். மூன்றாவதை குராமிட்சு தூக்கி இடப்பக்கக் கூட்டத்துக்குள் போட்டார். அதுதான் நானூற்றுப் பன்னிரண்டாவது ஹோம் ரன். இன்றைக்கும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்: அவர் அழுதுகொண்டே ஓடுவதை, நோசாகி தொப்பியைக் கழற்றிக் குனிவதை. நாற்பது நாளில் நோசாகியை அவன் அணி நீக்கிவிட்டதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. இப்போது காய்கறி லாரி ஓட்டுகிறான். குராமிட்சு இதை ரொம்பத் தாமதமாகத் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் பேட்டிகளில் பழைய பாட்டையே பாடினார். "விடைபெறுகிறவனுக்கு வளைச்சு எறியறவன் ஆம்பளையே இல்லை," என்று போன வசந்தத்தில்கூடச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. ஒரு பீர் கம்பெனி அதைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டியது.

மதியம் ஆட்டம். ஷிசுவோகா ஆறு, ஹெரன்ஸ் இரண்டு. கூட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, இவாகிரிக்காகத்தான் வந்திருந்தார்கள். வந்த இடத்தில் சும்மா இருப்பார்களா? ஹெரன்ஸ் சட்டையில் இருந்த கொக்கைப் பார்த்துப் பார்த்துக் கத்தினார்கள்.

"டேய், ஒத்தைக் கால்ல நின்னது போதும், மீன் ஏதாவது சிக்குச்சா?"

"குராமிட்சு அண்ணே! நீங்களே மட்டையை எடுத்துட்டு வாங்க! இவனுங்களுக்கு நீங்க தேவலை!"

குராமிட்சு கையைத் தூக்கிக் காட்டினார்.

எட்டாவது இன்னிங்ஸில் ஹிராகுரி பந்து எறியும் மேட்டில் ஏறினான். முதல் ஆளைப் போர்க் பந்தால் வீழ்த்தினான். இரண்டாவது ஆள் தரையோடு உருட்டி அவுட்டானான். இன்னும் ஒரே ஒருவன், இன்னிங்ஸ் முடிந்துவிடும். குராமிட்சு பெருமூச்சு விடுவதற்குள் மைதானமே எழுந்து நின்றது. இவாகிரி மட்டையோடு வெளியே வந்தார்.

'கடவுளே, போன இன்னிங்ஸிலேயே வந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்!' என்று பல்லைக் கடித்தார் குராமிட்சு. இங்கே பிட்சரை மாற்றலாம். மாற்றினால் ஹிராகுரிக்கு முழு இன்னிங்ஸ் ஆகாது.

ஹிராகுரி தொப்பியைக் கழற்றி இவாகிரிக்கு வணக்கம் வைத்தான். முதல் பந்து நேர்ப்பந்து. இவாகிரி வீசினார், படவில்லை. ஓவென்று கூட்டம். இரண்டாவதும் நேர்ப்பந்து. மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் போனது. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, அது குராமிட்சுவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மயிரிழை தள்ளிப் பட்டிருந்தால் பந்து ஊர் தாண்டியிருக்கும். கிழவன் கணக்குப் பிடித்துவிட்டான்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, மூன்றாவதும் தவறினால் அவுட். இப்போது ஒரு போர்க். ஒன்றே ஒன்று. ஹிராகுரி பிழைத்துவிடுவான்.

குராமிட்சு மூக்கைத் தொட்டார், பிறகு பெல்ட்டை: போர்க் கேள் என்கிற சைகை. மட்டைக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் தோகோரோ, இருபத்துமூன்று வயதுக்காரன், முகமூடிக்குள்ளிருந்து அவரை வெறித்துப் பார்த்தான். 'நிஜமாகவா?' என்கிற பார்வை. குராமிட்சு மறுபடியும் மூக்கு, பெல்ட். தோகோரோ தொடைகளுக்கு நடுவே இரண்டு விரலை விரித்துக் காட்டினான்.

ஹிராகுரி மாட்டேன் என்று தலையசைத்தான்.

தோகோரோ திரும்பவும் காட்டினான். ஹிராகுரி திரும்பவும் தலையசைத்தான், இந்த முறை கோபமாக.

பெஞ்சிலிருந்து மேட்டுக்கு நாற்பது தப்படி நடை. கந்தோகு போகலாம். போய், காதருகே வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "போர்க் போடுடா" என்று இரண்டே வார்த்தை சொல்லலாம். பட்டியலைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். குராமிட்சு ஒரு காலைப் படியில் வைத்தார். எதிரே கேமராக்கள் வரிசையாக நின்றன. அவர் போய்ப் பேசிவிட்டு வந்து, அடுத்த பந்து காலடியில் விழுந்தால், சொன்னது யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முப்பதாயிரம் பேர். நாளைக்குப் பேப்பர். அந்தச் சுவரொட்டி.

வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

ஹிராகுரி நேர்ப்பந்து எறிந்தான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு பந்தை எறிந்ததில்லை. இவாகிரி அதைத் தூக்கி வலப்பக்கக் கூட்டத்தின் தலைக்கு மேல் அனுப்பினார்.

மைதானம் அழுதது. இவாகிரி நான்கு மூலையையும் சுற்றி வந்து, வழக்கத்துக்கு மாறாக மேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஹிராகுரிக்குத் தலை குனிந்தார். ஹிராகுரி சிரித்துக்கொண்டே அவரைவிடக் கீழே குனிந்தான். ஷிசுவோகாக்காரர்கள் எதிரணிப் பிட்சரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்: "ஹிராகுரி! ஹிராகுரி!" ஹெரன்ஸ் பெஞ்சும் கைதட்டியது. குராமிட்சுவும் தட்டினார். தட்டாமல் இருக்க முடியுமா? கேமரா அவர் மேல்தானே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் இவாகிரி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல பிள்ளைகளா வளர்த்து வெச்சிருக்கீங்க, அண்ணே."

"நல்ல அடி," என்றார் குராமிட்சு.

மறுநாள் பேப்பரில் படம் வந்திருந்தது. தோகோரோவின் விரிந்த இரண்டு விரலைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். 'விடைபெறும் வேளையிலும் போர்க் கேட்ட கேட்சர்' என்று தலைப்பு. ரசிகர்கள் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மரியாதை தெரியாதவன், இவனையெல்லாம் யார் வளர்த்தது, என்று. பயிற்சிக்கு வந்த தோகோரோ யாரிடமும் பேசவில்லை. குராமிட்சுவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு, கால்பட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வாய் இருந்தது. ஆனால் திறக்க மாட்டான் என்று குராமிட்சுவுக்குத் தெரியும். தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதியும் வந்தது. சீ, என்ன மனுஷன் நான் என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

மூன்றாம் நாள் காலை மட்சுயாமாவில் ஒரு ஹோட்டல் அறைக்கு ஹிராகுரியைக் கூப்பிட்டார்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வரச் சொல்லிப் போன் போனால் விஷயம் என்னவென்று எல்லா ஆட்டக்காரனுக்கும் தெரியும். கறுப்புக் கோட்டில் வந்தான். கல்யாணத்துக்குத் தைத்ததாக இருக்க வேண்டும், தோளில் இறுக்கியது. ஹென்மி நாலு வரியைப் படித்தார். அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை, இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி.

ஹிராகுரி முழங்கால் மேல் கைகளை வைத்து, நெற்றி மேஜையைத் தொடும்படி குனிந்தான். எழுந்தபோது முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் குராமிட்சு தாங்கியிருப்பார்.

"கந்தோகு, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"தோகோரோவைத் திட்டாதீங்க. அவன் சின்னப் பய. என் மேல இருந்த அக்கறையில ரெண்டு விரலைக் காட்டிட்டான், அவ்வளவுதான். ஊரே அவனைப் பேசுது, பாவம்." கொஞ்சம் தயங்கி, சிரித்தான். "எனக்கும் அப்போ ஒரு நிமிஷம் உதறல்தான். பெஞ்ச்ல இருந்து வந்த சைகையோன்னு நினைச்சேன். நீங்க சொல்லியிருந்தா மறுபேச்சு இல்லாம போர்க் போட்டிருப்பேன். அப்புறம்தான் தோணுச்சு, நீங்க அப்படிச் சொல்றவர் இல்லையேன்னு. அதான் தைரியமா முடியாதுன்னு தலையாட்டுனேன்."

ஹென்மி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து குராமிட்சுவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிக்கொண்டு, பேனா மூடியை மெதுவாக மூடினார்.

சொல்லிவிடலாம். இங்கே கேமரா இல்லை. மூன்றே பேர். "நான்தாண்டா" என்று ஒரு வார்த்தை. எதிரே அந்தப் பிள்ளையின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, நானூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண்.

"சரி," என்றார் குராமிட்சு. "அவனை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஹிராகுரி மறுபடியும் குனிந்து நன்றி சொன்னான்.