கன்றுக்குட்டி இருந்த இடம்

அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அன்று விரிப்புகளை மடித்து மடித்து மரத்துப்போன கைகளோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் கணவரும் கொழுந்தனாரும் நின்றிருந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, சுவரில் உயரமாக மாட்டியிருந்த கிருஷ்ணர் படத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய படம். கணவரின் கொள்ளுத்தாத்தா ஓர் ஓவியரை வீட்டிலேயே தங்கவைத்து, ஆளுயரப் பலகையில் வரையச் செய்தது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

“மேல எல்லாம் அப்படியே இருக்கு. மயில்பீலிகூட மங்கல,” என்றார் பெண்மணி. டார்ச் வெளிச்சம் கீழே இறங்கியது. “இடுப்புக்குக் கீழதான் ஒண்ணுமே இல்ல. ஈரத்துணியால துடைப்பீங்களா?”

“வாரம் ஒரு தடவை. இருபத்தாறு வருஷமா,” என்றாள் அவள். “மாமியார் அப்படித்தான் செய்யச் சொன்னாங்க.”

“தண்ணி பட்டா கரையற சாயம்மா இது.”

கொழுந்தனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என்ன அண்ணி இது! சாமிக்குக் காலே இல்லாம பண்ணிட்டீங்களே. துணியில சாயம் ஒட்டறது தெரியலையா?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அழுக்குன்னு நெனச்சேன் தம்பி. என் கை எட்டினது அவ்வளவுதான். நீங்க ஒரு நாளாவது துணியைத் தொட்டிருந்தா முகமும் போயிருக்கும். நீங்க என்னைவிட உயரம்.”

பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை எடுத்தார். “கீழ என்ன இருந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

“ஏதோ மாடு,” என்றார் கொழுந்தனார்.

“மரம்டா,” என்றார் கணவர்.

“கன்னுக்குட்டி,” என்றாள் அவள். “செவலை. இடது காது மடங்கியிருக்கும். நாக்கை நீட்டி அவர் பாதத்தை நக்கும். கண்ணு மட்டும் நம்ம பக்கம் திரும்பியிருக்கும். நான் வந்த புதுசுல இந்த வீட்டுல அது ஒண்ணுதான் என் முகத்தைப் பாத்துச்சு.”

பெண்மணி எழுதிக்கொண்டே இருந்தார். கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“திரும்ப வரைஞ்சிடுவீங்களா?” என்று கேட்டாள், உட்கார்ந்தபடி.

“இல்லம்மா. இருக்கறது உதிராம பாத்துக்குவோம். அவ்வளவுதான் முடியும்.”

கொழுந்தனார் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

மறுவாரம் வண்டி வந்து படத்தை எடுத்துப்போனபோது அவள் சலவைக்கூடத்தில் இருந்தாள். திரும்பி வந்து வெறும் சுவரைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். தூக்கம்தான் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். சாயங்காலம் வரை யாரும் அவளை எழுப்பவில்லை.